கேட்டில் நின்று கூப்பிடாதே

இயேசு மரி சூசை துணை

திருவெறும்பூர்,
திருவருகைக்காலத்து முதல் புதன்

அன்பு மகள் ஜோதிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். நாள் தவறாமல் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, முழுதும் படித்தால் புரியும். முதலில் இது என் கையெழுத்துதானா என்று பார்த்துக்கொள், உன் ஸ்கூல் ரிப்போர்ட்டில் நான் போட்ட அதே கோணல் கைதான். அப்பா இதைப் போனில் படம் பிடித்து அனுப்புவார், தாளையும் தபாலில் போடுகிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. கேக்குக்குத் திராட்சை ஊறப் போட்டிருக்கிறேன், இந்த வருஷம் யார் சாப்பிடப் போகிறோம் என்று அப்பா கேட்டார், ஜோதி வருவாள் என்றேன். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று வாரம் அவர் இருந்த இருப்பை உன்னிடம் மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆடி வெள்ளத்தில் ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் குளிக்கப் போய்த் தம்பி கிளமெண்ட் நமக்கு இல்லாமல் போன பிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். கல்லறைத் திருநாள் அன்று கிளமெண்ட் கல்லறையைக் கழுவிச் செவ்வந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். எல்லாரும் கிளம்பும்போது அப்பா மட்டும் குனிந்து, சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போ சாமி" என்றார். பெற்ற வயிறு எனக்கும்தான் எரிகிறது, ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கால் சில்லிட்டது. செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளலாம், அவர்களை வா என்று கூப்பிடக் கூடாது என்று நம் வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் பகல் ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும் கேட்டுக்கு வெளியே "அப்பா" என்று கூப்பிட்டது. தம்பி குரல்தான் ஜோதி, அந்த இழுப்பு, அந்த அவசரம், எல்லாம். நான் மாடிக்கு ஓடிப் பார்த்தேன். நல்ல வெயில், தெருவில் ஆள் இல்லை, எதிர்வீட்டு நாய் மட்டும் படுத்தபடி நம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, குரைக்கவில்லை. இறங்கி வந்து பார்த்தால் தாழ்ப்பாள் நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஆற்று வண்டல் வாடை. பிறகு தினமும் அதே நேரம், அதே குரல், அதே ஈரம். அப்பா சாப்பாட்டை விட்டார், நாற்காலியைக் கேட்டருகே இழுத்துப் போட்டுச் சங்குக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். திறக்க விடாமல் நான் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். என் பிள்ளையை வெளியே நிற்க வைக்கிறாயே நீ ஒரு தாயா என்று கேட்டார். கேட்கட்டும் என்று இருந்தேன்.

அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்த ரங்கநாதன் அண்ணன் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து பார்த்தார். நல்ல மனுஷன். "தங்கச்சி, தண்ணியில போன பிள்ளை. அம்மா மண்டபத்துல ஒரு திதி குடுத்துடுவோம், எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க வந்து நின்னா போதும்" என்றார். அவர் வழியில் அது அன்புதான். பிள்ளையை ஆண்டவர் கையில் ஒப்படைத்தாயிற்று அண்ணே, ஒருவரை நம்பிக் கொடுத்ததை இன்னொரு இடத்தில் போய்க் கேட்க மாட்டேன் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். அவர் வருத்தப்படவில்லை. போகும்போது கேட்டைத் திறக்கத் தாழ்ப்பாளில் கை வைத்தவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பங்குச் சாமியார் இருதயநாதனிடமும் போய்ச் சொன்னேன். அவர் முதலில் துக்கம் அப்படித்தான் செய்யும் என்றார், தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னதும் எழுந்து போய்த் தீர்த்தப் புட்டியை எடுத்து வந்தார். "எதுவா இருந்தாலும் அது கூட பேச்சுக் குடுக்காதீங்கம்மா, செபத்தை மட்டும் விடாதீங்க" என்று சொல்லி அதை என் கையில் கொடுத்தார்.

அவர் சொன்னதை நான் ஒரு தடவை மீறினேன், நீ மீறாதே. சாவியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன், சங்கு ஊதியது. "அப்பா, திறங்கப்பா, நனைஞ்சுட்டேன்" என்று கேட்டதும் ஈரப் புடவையோடு ஓடி வந்தேன். அப்பா பூட்டைக் கழற்றித் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நம் வீட்டு வழக்கம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் எங்கே போய்விட்டு வந்தாலும் வாசலில் தோத்திரம் சொல்லித் தலை குனிவீர்கள், நான் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்ட பிறகுதான் உள்ளே வருவீர்கள். மீசை முளைத்த பிறகும் தம்பி அதை விட்டதில்லை. தகரக் கேட்டுக்கு மேலே கையை வெளியே நீட்டி, "நீயா இருந்தா நெத்தியைக் காட்டு சாமி, அம்மா சிலுவை போடுறேன்" என்றேன். கை அந்தரத்தில் தொங்கியது. யாரோ மிகப் பக்கத்தில் மூச்சு விடுவதுபோல் உள்ளங்கையில் ஈரக்காற்று பட்டது. நெற்றி படவில்லை. பயத்தில் சேசுவே சேசுவே என்றதைத் தவிர எனக்கு வேறு செபம் வரவில்லை, ஆனாலும் கையை எடுக்கவில்லை. பிறகு அது "தெற" என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னது. குரல் தம்பியுடையதுதான், அந்தக் குரலுக்குள் பிள்ளை இல்லை. அப்பாவுக்கும் அது தெரிந்துவிட்டது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். அன்று சாயங்காலம் செபமாலையை அவரே தொடங்கினார்.

அதோடு நின்றுவிட்டது என்றுதான் இருந்தோம். போன ஞாயிறு நீ போனில், காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது கதவுக்கு வெளியே தம்பி "அக்கா" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது, இன்னொரு தடவை கூப்பிட்டால் திறந்து பார்க்கப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். உனக்குக் காலை என்றால் எனக்கு இங்கே பகல் சங்கு நேரம். அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க லீவு கிடைக்காத ஏக்கம் உனக்கு இருக்கிறது, அது வழியாகத்தான் வருகிறது. நீ கோயிலுக்குப் போய் நாளாகிறது என்பதும் எனக்குத் தெரியும், திட்டவில்லை, போ என்கிறேன். அவனுக்காக அழு, பூசை வை. கதவைத் திறக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்றுப் பகல் சங்குக்குப் பிறகு மறுபடியும் கூப்பிட்டது. உன் குரல். "அம்மா, சொல்லாம வந்துட்டேன், பெட்டி கனமா இருக்கு, திறம்மா" என்றது. உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றேன். தம்பி செய்தி கேட்ட அன்று நீ போனில் எப்படி அழுதாயோ அப்படியே அழுதது. நிஜமாகவே நீயாக இருந்தால் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. திறக்கவில்லை. சாயங்காலம் நீ போன் செய்து வார்டில் இருந்தேன் என்றபோதுதான் உட்கார்ந்தேன், உன்னிடம் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டேன். குரலை இனி நான் நம்புவதாக இல்லை, அதனால்தான் இந்தக் காகிதம்.

ஆண்டவர் உன் வாசலுக்கும் வழிக்கும் காவலாக இருப்பார், தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். சூடாகச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, கிறிஸ்துமஸுக்கு வரும்போது கேட்டில் நின்று என்னைக் கூப்பிடாதே. எவ்வளவு அழுதாலும் உன் குரலுக்கு நான் திறக்க மாட்டேன். கேட்டுக்கு மேலே என் கை நீட்டியிருக்கும், வந்து நெற்றியைக் கொடு.

உன் நெற்றிக்குச் சிலுவை போட்டு,
அம்மா
அடைக்கலமேரி