ரெஜினுக்கு நான் வாங்கிக் கொடுத்த சோடா

என் பெரியம்மை பெத்த பொன்னு மக்கா ரெஜினு,

நீ மண்ணுக்குள்ளே போய்ப் பதினோரு மாசம் ஆச்சு. உன் ஆண்டு நினைவுக்கு நம்ம வாலிபர் சங்கம் ஒரு மலர் போடப்போகிறதாம். "நீ வெளிநாட்டுக் கிளப்புல ஆடுற ஆளு, அவனப் பத்தி நாலு வரி எழுதித் தாலே" என்று கேட்டார்கள். நல்லவன், வல்லவன், நாலு பேருக்கு உதவினவன் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நான் அனுப்புவது இதைத்தான். போடுவார்களோ, கிழித்துக் கடலில் எறிவார்களோ, அது அவர்கள் பாடு.

நான் இப்போதும் போர்ச்சுகலில், கடலோரத்தில் அதே சின்ன ஊரில்தான் இருக்கிறேன். இரண்டாவது வருஷமும் அதே கிளப். டிவியில் வருகிற கிளப் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், நானும் திருத்தவில்லை. நம்ம ஊர்த் திருவிழா ஃபுட்பால் பந்தாட்டத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட இங்கே வராது லே. சாப்பாடு எப்படி என்று கேட்பாய். இங்கேயும் சாளை மீன்தான். உப்பைப் போட்டுச் சுட்டு, தலையோடு தட்டில் வைத்துவிடுவான். அம்மை கொடுத்துவிட்ட மசாலாவை ஒருநாள் புரட்டிப் பொரித்தேன். என்கூடத் தங்கியிருக்கிற பிரேசில்காரன் இருமிக்கொண்டே வெளியே ஓடிவிட்டான்.

வாரம் தவறாமல் எடை பார்க்கிறார்கள். சோற்றைக் குறை என்கிறார்கள். ஆரம்பத்தில் கோச் ஓடச் சொன்னால் நிற்பேன், நிற்கச் சொன்னால் ஓடுவேன், பாஷை அப்படி. பாதி ஆட்டம் பெஞ்சில்தான் போனது. தை மாசக் குளிரில் கால்விரல் மரத்துப்போய், பந்து பட்டதா படவில்லையா என்றே தெரியாது. சவம், அதெல்லாம் பழகிப்போச்சு. பழகாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரியில் ஒருநாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் கோல்கீப்பர், இருபது வயசுப் பையன், கையைத் தூக்கி நெஞ்சில் ஏதோ இறுக்கமாக இருக்கிறது என்றான். அவ்வளவுதான் சொன்னான். கோச் விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்தினார். அவனைத் தன் காரிலேயே ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். மூன்று வாரம் பந்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தனும் அவனைக் கேலி பேசவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை.

நான் கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். வீட்டு ஞாபகமா என்று கோச் அப்புறம் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என் காலில் பந்து நிற்கவில்லை மக்கா. அடுத்த வருஷம் என்னை வைத்துக்கொள்வார்களா என்பதே சந்தேகம்தான்.

நடந்தது உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

போன வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு நான் லீவில் வந்திருந்தேன். வெளியே எங்கேயும் ஆடக்கூடாது என்று கிளப்பில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். திருவிழாப் பந்தாட்ட ஃபைனல் அன்றைக்குக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, ஊர் டீமுக்கு ஆடக் கூப்பிட்டார்கள். முடியாது என்றதும், "கண்டியாலே, ஒரு வருசத்துல இவனுக்குக் கொம்பு மொளச்சிட்டு. நம்ம மண்ணு இனி இவன் காலுக்கு ஆவாது" என்றான் ஒருத்தன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பதிலா ரெஜின் இறங்குவான் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயோ ராத்திரி முழுக்க வள்ளத்தில் வலை இழுத்துவிட்டு, பொட்டுத் தூக்கமில்லாமல் கரையேறியிருந்தாய்.

கோயில் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தாய். நானும் நீயும்தான்.

"மக்கா, நெஞ்சு ஒருமாதிரி பிடிக்குதுலே. இடது கையும் கடுக்குது."

"கேஸா இருக்கும். நேத்து என்னத்தத் தின்னியோ."

"வேற எவனையாவது எறக்கினா என்னலே?"

"எலே, நான் சொல்லிட்டேன். என் மானத்த வாங்காத. ஒரு மணிக்கூர்தான. இரு, சோடா வாங்கிட்டு வாறேன்."

ஓடிப்போய் வாங்கி வந்தேன். உப்புப் போட்டுக் குடித்தாய். பெரிசாக ஒரு ஏப்பம் விட்டாய். "போயிட்டுலே" என்று சிரித்தாய். இவ்வளவு நாளும் அந்த ஏப்பத்தைத்தான் நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவனே போயிட்டு என்று சொன்னானே, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் நீ விழுந்தாய். நாகர்கோவிலுக்கு வேனில் கொண்டுபோனோம். அம்மாண்டிவிளை தாண்டும் முன்னே உன் கை என் கையில் குளிர்ந்துபோனது. அந்தோணியார் தன் திருநாளில் கூப்பிட்டுக்கொண்டார், நல்ல சாவு என்று ஊர் சொன்னது. நானும் தலையை ஆட்டினேன்.

பெரியம்மை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து எனக்கு வீடியோ கால் போடுவாள். "நீ ஆடு மக்களே, நீ ஆடுனா என் பிள்ள ஆடுன மாரி" என்பாள். பிறகு அந்தக் கேள்வி வரும். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? ஒருத்தர்கிட்டயும் சொல்லாமப் போயிட்டானே. ஒங்கிட்டயாவது ஏதும் சொன்னானா மக்களே?" இல்லை பெரியம்மை என்பேன். வாராவாரம் இல்லை என்றே சொன்னேன். தன்னிடம் சொல்லக்கூட மகனுக்குத் தோன்றவில்லையே என்று அவள் தன்னையே தின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன் லே. நான் மனுஷனா?

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அவள் கேட்டபோது, சொன்னான் என்றேன். கை கடுத்தது, மானம், சோடா, எல்லாம் சொன்னேன். "அப்ப அவன் சொல்லத்தான் செஞ்சான்" என்றாள். போனை வைத்துவிட்டாள். போன ஞாயிறு கால் வரவில்லை. எங்கம்மைதான் கூப்பிட்டு அழுதாள். "ஏம்லே சொன்ன? போனவன் போயிட்டான், இருக்கவளையும் கொல்லணுமா?" அவளுக்காகச் சொன்னேனா, என் பாரத்தை இறக்க அவள் தலையில் தூக்கி வைத்தேனா? எனக்கே தெரியவில்லை.

ஆனால் மக்கா, அவளிடமும் முழுதாகச் சொல்லவில்லை. இன்னும் ஒன்று பாக்கி. நீ நடுமைதானத்தில் முட்டுக்குத்தி, அப்படியே முகம் குப்புற விழுந்தபோது, கோட்டுக்கு வெளியே நின்று, "எழும்புலே, நடிக்காத!" என்று கத்தினது நான்தான். மைக் சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டதா லே?

ஆண்டுப் பூசைக்கு வருகிறேன். கிளப் விட்டாலும் சரி, விரட்டினாலும் சரி. மலர் கையில் வரும் முன்னே உங்கள் வாசலில் நிற்பேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும், விளக்குமாற்றை எடுத்தால் எடுக்கட்டும். இதை அவள் அச்சில் வாசிக்கக்கூடாது. என் வாயால், அவள் முகத்தைப் பார்த்து, நான் கத்தின அதே வார்த்தையில் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

உன் சித்தி மகன், உன் தம்பி,
ஜெனிஷ்