தானாகத் திரும்பும் தோள்

ஊரிகம் தங்கச் சுரங்கம்
1906 ஆகஸ்டு 5

அன்பு மகன் சாம்ராஜுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. தேவகிருபையால் நாங்கள் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ரங்கூனில் நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஜுரம் தெளிந்ததென்று எழுதியிருந்தாய், ஆனாலும் அரிசி மில்லிலிருந்து வந்ததும் வியர்வையோடு குளிக்காதே, சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். பேத்தமங்களா குழாய்த் தண்ணீர் நம் கூலி லைனுக்கும் வந்துவிட்டது, ஆனால் குழாயடியில் பக்கத்துவீட்டு ரத்தினம்மா போடும் சண்டைக்குப் பயந்து பாதிப்பேர் இன்னும் கிணற்றுக்குத்தான் போகிறோம்.

இப்போது உன் தம்பி விஷயம். சிரில் ஷிப்டு முடிந்ததும் டென்னிஸ் ஆடப் போகிறான் என்றால் நீ சிரிப்பாய், நானும் சிரித்தேன். ஆபீஸ் துரை ஒருவருக்கு மாதக் கடைசியில் பெங்களூரில் பந்தயம், எதிரே நின்று பந்தைத் திருப்பியடிக்க ஆள் வேண்டுமென்று இவனைப் பிடித்துக்கொண்டார். பந்தயம் முடிந்ததும் சுரங்கத்தில் இறங்காமல் மேலேயே ஸ்டோரில் வேலை போட்டுத் தருவாராம். கையால் அடிக்காதே, பந்து எதிராளியின் மட்டையை விட்டதுமே தோளும் இடுப்பும் திரும்பிவிட வேண்டும், உடம்பு சுழல்கிற வேகத்தில் கை தானாக வரும், யோசித்துத் திரும்பினால் பந்து போய்விடும், உடம்புக்கே பழக்கிவிடு என்று சொல்லிக்கொடுத்தாராம். பந்தில்லாமல் தினம் இருநூறு தடவை திரும்பவேண்டுமாம். இவன் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் திரும்பித் திரும்பி நின்றதைப் பார்த்து, பிள்ளைக்குப் பேய் கீய் பிடித்ததோ என்று ரத்தினம்மா கேட்டாள். போன ஞாயிறு கோயிலில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது யாரோ புத்தகத்தைக் கீழே போட்ட சத்தத்துக்கு இவன் தோள் சடக்கென்று திரும்பியது. நான் பார்த்தேன், அவனுக்கோ தெரியவே இல்லை. அப்போதுதான் எனக்குச் சுரங்கத்து நினைப்பு வந்தது.

அங்கே பாறையில் துளை போடும்போது உன் அப்பாதானே அவனுக்குத் துளை இரும்பு பிடிக்கிறவர். அவர் குந்தி உட்கார்ந்து பிடித்திருக்க, இவன் சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி அந்த இரும்பின்மேல் நேராக இறக்கவேண்டும், அதுவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். பத்து நாளாக இவன் இடுப்பு முதலில் சுழல்கிறதாம், சம்மட்டி சாய்ந்து வருகிறதாம். செவ்வாய்க்கிழமை அப்பாவின் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பாறையில் விழுந்ததென்று கூட வேலை செய்யும் கொர்னேலியஸ் வந்து சொன்னார். சிரிலைக் கேட்டால் நான் எங்கே திரும்பினேன் என்கிறான். பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயம். மேஸ்திரியிடம் சொல்லி இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன், அந்தச் சம்மட்டிக்குக் கீழே வேறொருவன் பிள்ளையை உட்காரவைக்கவா என்று கேட்டார். ஆட்டத்தையாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்றால், இன்னும் மூன்று வாரம்தானே, இவனாவது வெளிச்சத்தில் பிழைக்கட்டும் என்கிறார். சிரில் உன் பேச்சைத்தான் கேட்பான். உன் பதில் வருவதற்குள் பந்தயமே முடிந்திருக்கும் என்று தெரியும், ஆனாலும் எழுது.

நேற்று முதல் அப்பா சம்மட்டி விழும் பக்கம் வலது கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்துப் பிடிக்கிறாராம். ஏன் என்று கேட்டேன். "சோறு துன்ற கையாவது மிஞ்சட்டும்" என்றார். சொல்லிவிட்டு, சிரிலுக்குக் கேட்டுவிட்டதோ என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

ஆண்டவர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்துக் காக்கட்டும். மழைக்காலம், கம்பளியை வெளியே போடாதே. ஜெபம் செய்யும்போது அப்பாவின் பெயரை முதலில் சொல்.

உன் அம்மா
ஐடா