விற்பனைக்கு இல்லாத தொப்பி

மே 3, 1931, ஞாயிறு

குழந்தை மாதுவுக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது. காய்ச்சலா, பல் சூடா? தொட்டால் ஒரு நேரம் கொதிக்கிறது, ஒரு நேரம் இல்லை. என் கைதான் சுடுகிறதோ என்னவோ.

மாதா கோயில் பூசைக்கு என் வீட்டுக்காரர் ரோஜே மட்டும் போனார். வழக்கம்போல அவருடைய சுங்க ஆபீஸ் சிநேகிதர் லூயி வீட்டில் காப்பி. லூயியின் மனைவி மதாம் ஜூலியேத் புத்தகங்களைப் பற்றிப் பேசுவாள், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். திரும்பி வந்தவர் வாயெல்லாம் அவள்தான்.

“எல்லாரும் படிக்கிற அந்தத் தொப்பிக்காரி நாவல் இல்ல? அதுல வர்ற கப்பல் தலைவன், அந்தக் கப்பித்தேன், மூணு அத்தியாயமா கப்பல் ஏறிக்கிட்டே இருக்கானே, டிக்கெட் கிடைக்கலையான்னு கேட்டாங்க. சிரிச்சு மாளல.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. யாரிடமாவது சொன்னேனா? நினைவில்லை. தூக்கம் கெட்டதிலிருந்து எதுதான் நினைவில் நிற்கிறது.

மதராஸ் காலேஜில் இலக்கியத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். இங்கே மாதுவின் கஞ்சித்துணி அலசுகிறேன். அவள் சைகோனுக்கே இலக்கியம் சொல்கிறாள்.

மே 7

பாரீசில் பெரிய கண்காட்சி திறந்தாயிற்று. அங்கோர் கோயிலை அப்படியே அங்கே கட்டி வைத்திருக்கிறார்களாம். பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க அதுதான். நெல் விலை விழுந்து பக்கத்துச் சோலோனில் அரிசி ஆலைகள் நிற்கும் செய்தி கடைசிப் பக்கத்தில், தைல விளம்பரத்துக்குக் கீழே.

சாப்பாட்டின்போது ரோஜேயிடம் சொன்னேன்: “கல்யாணம் ஆனதுலேர்ந்து அங்கோருக்குக் கூட்டிப் போறேன் போறேன்னு சொன்னீங்க. அது காத்திருந்து பார்த்துட்டு, தானே பாரீசுக்குப் போயிடுச்சு.”

சிரித்தார். என் பேச்சுக்கு அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மே 10, ஞாயிறு

புது டை கட்டிக்கொண்டு போனார். பூசைக்குத்தானே?

மதாம் ஜூலியேத் அந்த நாவலாசிரியரின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம், மாதா படத்துக்குப் பக்கத்தில். மாதா என்ன நினைப்பாள்?

மே 12

இப்போதெல்லாம் சோற்றில் கை வைத்ததும் கேட்கிறார்: “அந்தத் தொப்பிக்காரி என்ன ஆனா?” நான் படிக்க, அவர் கேட்க – கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. புத்தகத்தில் இன்னும் கடைசிப் பகுதி பாக்கி, மாது விட்டால்தானே. ஆனால் படிக்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

நானே ஒரு முடிவு கட்டினேன். தொப்பிக்காரி கப்பித்தேனை வேண்டாம் என்கிறாள். துறைமுகத்தைப் பார்த்தபடி சொந்தத் தொப்பிக் கடை திறக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு தொப்பிக்கு மட்டும் சீட்டு: விற்பனைக்கு இல்லை.

ரோஜே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “பிரமாதம்” என்றார். பாராட்டை நூலாசிரியர் சார்பில் வாங்கிக்கொண்டேன்.

மே 14

ஆண்டவர் விண்ணேறிய ஆரோகணத் திருநாள். மாது தூங்கினாள். புத்தகத்தை முடித்தேன். தொப்பிக்காரி கப்பித்தேனைக் கட்டிக்கொள்கிறாள், எல்லாரும் அழுகிறார்கள். இதற்கா இத்தனை கூத்து! ரோஜேயிடம் திருத்திச் சொல்லவில்லை.

மே 17, ஞாயிறு

இன்று மாதுவையும் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல மழை. லூயி வீட்டுக்குள் நுழையும்போது மதாம் ஜூலியேத் அங்கோர் கோயில் தானே பாரீசுக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் நனைந்த குடையோடு நின்றேன்.

பிறகு தொப்பிக்காரியின் முடிவைச் சொன்னாள். “கடை திறக்கிறா. கண்ணாடிக்குள்ள ஒரு தொப்பி. விற்பனைக்கு இல்லை.” அதே சொல். என் சொல்.

மேசையில் அவளுடைய பிரதி கிடந்தது. பிரெஞ்சுப் புத்தகம் தாள் ஒட்டியபடிதான் வரும், கத்தியால் வெட்டி வெட்டித்தான் படிக்க வேண்டும். ஒரு தாள்கூட வெட்டவில்லை.

ரோஜேயைப் பார்த்தேன். காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “அவகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு?”

“சாயங்காலம் லூயி வீட்டுல சீட்டாடும்போது கேட்பாங்க. சொல்வேன். அவ்வளவுதான்.”

“நான் சொன்னதுன்னு சொன்னீங்களா?”

“நான் படிச்சதா நினைச்சுக்கிட்டாங்க.” சட்டையைக் கழற்றியபடி, “நானும் மறுக்கல. உனக்குப் புருஷன்னா எனக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணுமில்ல.”

என்ன மனுஷன் இவர்! நான் சொல்றதைக் கொண்டுபோய் இன்னொருத்திக்குக் கொடுப்பாராம், அவ சொன்னான்னு எங்கிட்டயே வந்து மெச்சுவாராம், நான் உட்கார்ந்து வயிறெரியணுமாம் – யாரைப் பார்த்து? என்னையே பார்த்தா?

எது சுடுகிறது? அவளுக்குக் கொடுத்தாரே, அதுவா? என்னிடமிருந்து எடுத்தாரே, அதுவா? அவளோடு வேறொன்றும் இல்லை என்கிறார். அந்த டை?

மே 19

இரண்டு நாளாகச் சாப்பாட்டில் கதை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மாதுவுக்குப் பல் வெளியே வந்துவிட்டது.

மே 22

மதாம் ஜூலியேத் வீட்டுக்கே வந்தாள், பகலில், ரோஜே ஆபீஸில் இருக்கும் நேரம் பார்த்து. கையில் தொப்பிக்காரி புத்தகம். மாதுவைக் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் காப்பி கொடுக்கவில்லை.

“அன்னிக்கு நான் முடிவைச் சொன்னப்ப உன் மூஞ்சி போன போக்கு இருக்கே. எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன், ரோஜே எப்ப நாவல் படிச்சாருன்னு. ரோஜே கப்பல் வர்ற நேர அட்டவணையை மட்டும்தான் படிப்பாருன்னுட்டார்.”

“தெரிஞ்சுமா வாங்கிச் சொன்னீங்க?”

“அன்னிக்குத்தான் தெரியும். எனக்கு அச்செழுத்தைப் பார்த்தா கண்ணைச் சுத்துது, அந்துவானேத்து. பேசத்தான் வரும். பேசாட்டி அந்த வீட்டுல யாரு வருவா?” மாதுவின் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். “கடைசித் தாளை மட்டும் வெட்டிப் பார்த்தேன். கல்யாணமாமே?”

“ஆமாம்.”

“உன்னுதுதான் நல்லாருக்கு. ஞாயித்துக்கிழமை நீயே வந்து சொல்லு. பிள்ளையை நான் வச்சிக்கிறேன்.”

காப்பி போடப் போனேன். டின் பாலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். இன்னமும் அவளைப் பிடிக்கவில்லை. அவள் மடியில் மாது அழாமல் இருந்தாள். அதுவும் பிடிக்கவில்லை.

மே 31, ஞாயிறு

போன வாரம் போலவே இன்றும் நான்தான் பேசினேன். மதாம் ஜூலியேத் மாதுவோடு பின்கட்டில் இருந்தபடி, முன்பே கேட்ட கதைபோல எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்தாள். லூயி ரோஜேயிடம், “என்னப்பா, உன் பேச்சே நின்னு போச்சு?” என்றார்.

ராத்திரி சோற்றில் கை வைத்ததும் ரோஜே, “புது புஸ்தகம் ஆரம்பிச்சிட்டியாமே? ஜூலியேத்துக்கு முழுக்கதையும் தெரிஞ்சிருக்கு” என்றார். டை நாற்காலியில் கிடந்தது.

“இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு ஊத்தட்டுமா?” என்றேன்.