தேன்சிட்டுப் புதினாவும் ஒரு சொம்புத் தண்ணீரும்

2.9.2018, ஞாயிறு

காலை பஸ்ஸில் அண்ணன் மகள் காசியம்மாள் வந்தாள். ஏற்காட்டில் பூச்செடிப் பண்ணையில் வேலை. மாமாவைப் பார்க்க வந்தவள் கையில் பழத்துக்குப் பதில் ஒரு செடி. ஹம்மிங்பேர்டு புதினாவாம். அந்தக் குருவி நம் பக்கம் கிடையாது, ஆனால் தேன்சிட்டு வரும் என்றாள். இலையைக் கிள்ளினால் சோம்பும் புதினாவும் கலந்த வாசனை. ஒருமுறை வைத்தால் வருஷா வருஷம் தழையுமாம். பூ செங்கல் நிறத்தில் குழல் குழலாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பின்வாசலில் போட்டிருந்தேன். பங்குனியில் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனதிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷம் இந்த மலைரோட்டில் பஸ் ஓட்டிய மனுஷன்.

வேலி ஓரத்துச் சரளை மேட்டில் செடியை நட்டுக்கொண்டே காசி என்னென்னவோ சொன்னாள். நான் அவள் அம்மாவின் முட்டி வலி, அவள் கல்யாணப் பேச்சு எல்லாம் விசாரித்தேன். வந்த பிள்ளையை விசாரிக்க வேண்டாமா?

9.9.2018

இன்று காலை தேன்சிட்டு வந்தது. பூவில் மூக்கை நுழைத்துத் தொங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார்! தலை தானாகவே திரும்பியது. நான் கூப்பிட்டுத் திரும்பவில்லை, டாக்டர் கூப்பிட்டுத் திரும்பவில்லை, திருக்கோவிலூர்ப் பெருமாள் தீர்த்தத்துக்கும் திரும்பவில்லை. கட்டைவிரல் அளவு குருவிக்குத் திரும்பினார்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். பெருமாளே, இந்தச் செடியை மட்டும் காப்பாற்றிக் கொடு.

22.9.2018, புரட்டாசி முதல் சனி

இவ்வளவு செய்த செடியைக் கல்லுமேட்டில் விடலாமா? வேரோடு பெயர்த்துத் துளசி மாடத்தில், துளசிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். இனி குளித்ததும் மஞ்சள் போட்ட தண்ணீர் ஒரு சொம்பு, மூன்று சுற்று. நாற்காலியையும் மாடத்துக்கு எதிரே மாற்றிவிட்டேன்.

நான் சொம்போடு போனதும் அவர் இடது கையைத் தூக்கி "ஊ... ஊ..." என்றார். தாகம் போல. பாவம், வாய்விட்டுக் கேட்க முடியாது. சொம்பை வாயில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் மார்பில் வழிந்தது. சட்டை மாற்றினேன்.

7.10.2018

தினமும் இதே கூத்துதான். சொம்பைக் கண்டதும் கையைத் தூக்குகிறார். கொடுத்தால் குடிப்பதில்லை. "இன்னாங்க, சின்னப் புள்ளையாட்டம் பண்றீங்க?" என்று இன்று கத்திவிட்டேன். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

செடியில் கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன. பக்கத்துக் கொல்லை வேடியப்பனிடம் காட்டினேன். சாமை விதைக்கிற ஆளுக்குப் பூச்செடியைப் பற்றி என்ன தெரியும், ஆனாலும் கேட்டேன். "சத்து கம்மியா இருக்கும்கா. சாணி கரைச்சு ஊத்திப் பாரு," என்றான். ஊற்றினேன். சாயங்காலமும் ஒரு சொம்பு சேர்த்துக்கொண்டேன்.

18.11.2018

புயல் மழை. மலை முழுக்க மூட்டம். செடியின் அடித்தண்டு கறுத்துவிட்டது. பூ இல்லை. குருவி இல்லை. அவர் தலையும் திரும்புவதில்லை. காசிக்குப் போன் போட்டால் டவர் இல்லை.

நான் இன்னா தப்பு பண்ணேன்? விரதம் விட்டனா, வெளக்கு விட்டனா? இவரையும் தேத்த முடியல, ஒரு செடியக்கூட வெச்சுக் காப்பாத்த முடியல. எதக் கையில எடுத்தாலும் போய்க்கினே இருக்குதே.

19.11.2018

இன்றும் ஊற்றினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு.

4.12.2018

அவரைக் கள்ளக்குறிச்சிக்கு ஜீப்பில் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, பேச்சு இனிமேல் திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவர் எதிரிலேயே சொன்னார். அவருக்குக் காது கேட்கும் என்பதே யாருக்கும் நினைவில்லை.

வெளியே வந்ததும் காசிக்குப் போன் கிடைத்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். செடியையும் சொன்னேன்.

"ரெண்டு வேளையுமா ஊத்துற? அத்தே, அது காஞ்ச மண்ணுல வர்ற செடி. வேர்ல ஈரம் நின்னா அழுகிப்புடும். அதான் பாத்து சரளையில வெச்சேன். தண்ணி ஊத்தாத, எரு போடாதன்னு அன்னிக்கே சொன்னனே. நீ எங்கம்மா முட்டிய விசாரிச்சுக்கினு இருந்த. மாமாதான் கண்ணு கொட்டாம கேட்டுக்கினு இருந்தாரு."

போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கை. தினமும் காலையில் தூக்குகிற அந்த இடது கை. வேணாம், ஊத்தாதேன்னு சொல்லிக்கினு இருந்திருக்காரு மனுஷன். நான் அவர் வாயிலயும் ஊத்தினேன்.

திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் அவர் இடது கை தொடையின் மேல் ஸ்டியரிங்கைத் திருப்புவது போலத் திரும்பிக்கொண்டே வந்தது. எத்தனை தடவை கூடப் போயிருக்கிறேன், இன்றுதான் பார்த்தேன்.

5.12.2018

செடியைத் தோண்டினேன். வேர் நாற்றமடித்தது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் வெள்ளை. மற்றதை வெட்டிவிட்டுப் பழைய சரளை மேட்டிலேயே வைத்தேன். நாற்காலியையும் பழைய இடத்துக்கே போட்டேன். தண்ணீர் காட்டாமல் சும்மா விடு, பிழைத்தால் பிழைக்கும் என்கிறாள் காசி. சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

20.1.2019, ஞாயிறு

பொங்கல் முடிந்தது. செடி இன்னும் குச்சியாகத்தான் நிற்கிறது. நகத்தால் கீறினேன். பச்சை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

குளித்துவிட்டுத் துளசிக்கு ஊற்றினேன். சொம்பில் பாதி மீந்தது. கால் தானாக மேட்டுப் பக்கம் போனது. அவர் இடது கையைத் தூக்கினார். நின்றுவிட்டேன்.

"வேணாங்களா?"

கை இறங்கியது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து சொம்பைக் காட்டினேன். "உங்களுக்கு வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு, வேறு எதுவும் பேசாமல் இருந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. வேடியப்பன் வீட்டு மாடுகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டன.

அப்புறம் வாயைத் திறந்தார். ஒரு சொட்டுகூடக் கீழே வழியவில்லை.