மின்தடையே இல்லாத மாதம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்புவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஒரு வேடிக்கை கேள். மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையத்திலிருந்து எங்கள் லைன்மேன் குழுவின் வேலைத்திறனை அளக்க ஓர் அதிகாரி வந்தார். எத்தனை பழுது நீக்கினோம் என்பதுதான் அவர் கணக்கு. எங்கள் பகுதியில் போன மாதம் மின்சாரம் போகவேயில்லை. கம்பியில் உரசிய கிளைகளை மழைக்கு முன்பே வெட்டிவிட்டோம்.

"அப்போ ஒண்ணுமே செய்யலையா?" என்றார்.

"ஒண்ணும் ஆகாம பாத்துக்கிட்டோம் சார்" என்றேன்.

"அதுக்கு இதுல இடமில்லையேப்பா" என்று பூஜ்ஜியம் போட்டுவிட்டார். ஆட்களைக் குறைப்பார்கள் என்று பேச்சு. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

எனக்குத்தான் அறையில் இருப்புக் கொள்ளவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் "எல்லாரும் நலம், விசேஷம் ஒன்றுமில்லை" என்றுதான் இருக்கிறது. நானும் அந்த அதிகாரி மாதிரியே படித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் எங்கள் ஆபீஸ் டிரைவர் அண்ணன் திரும்பும்போது அவரிடம் உன் தலையணையின் ஒரு உறை கொடுத்துவிடு. புதிது வேண்டாம், நீ தலைவைத்துப் படுத்ததே போதும்.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். இனி "விசேஷம் ஒன்றுமில்லை" என்று எழுதி முடிக்காதே. ஒன்றும் ஆகாமலிருக்க நீ என்னென்ன செய்தாய், அதை எழுது.

உன்னவன்