மூடப்பட்ட பள்ளம்

அன்புள்ள அம்மாவுக்கு மாரிச்செல்வியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

நேற்று மாநகராட்சி அலுவலகம் போகும்போது தாமிரபரணிப் பாலத்துக்கு முன்னால் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தேன். சிராய்ப்புதான், பயப்படாதே. சாக்கடைத் தண்ணீர் வாய்க்குள் போனதுதான் குமட்டியது.

நனைந்த சுடிதாரோடு உட்கார்ந்ததும் மேலதிகாரி ஒரு புகாருக்குப் பதில் டைப் அடிக்கச் சொன்னார். அதே சாலையில் பள்ளங்கள் எல்லாம் மூடப்பட்டுவிட்டனவாம்.

“சார், இப்பதான் அதுல விழுந்து வாரேன்.”

“விழுந்தது நீதானம்மா, ஃபைல் விழலைலா? அடிச்சுக் குடு.”

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடித்துக் கொடுத்துவிட்டேன். எத்தனை முறை கொப்பளித்தும் அந்த அருவருப்பு வாயைவிட்டுப் போகவில்லை.

ராதாபுரத்திலிருந்து யாராவது வந்தால் என் பழைய சுடிதாரைக் கொடுத்துவிடு. நேரமாகிறது, இன்றும் அதே சாலைதான். மகள் அரசாங்கக் கடிதம் எழுதுகிறாள் என்று ஊரில் இனிமேல் சொல்லாதே, அம்மா.

உன் மாரிச்செல்வி