நோய் விசாரிக்கப் போவதற்கு ஒரு சொல்

அப்பா ஓய்வு பெற்றுவிட்டதால் இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மூன்று நாளாகச் சாமான் கட்டிக் கட்டிக் கை ஓய்ந்துவிட்டது. இன்று பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் உன் அரபி நோட்டு கிடந்தது. திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ தபால் வழியில் அரபி படித்தாய். எதிர் பிளாக்கிலிருந்து நான் வந்துவிடுவேன். நீ அரிசி களைந்துகொண்டே ஒப்பிப்பாய். நான் சமையலறை வாசலில் நோட்டைப் பிடித்துச் சரிபார்ப்பேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது என்பதால் பக்கத்திலேயே தமிழிலும் எழுதி வைத்திருந்தாய். ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம். 'ஆத' பக்கம்தான் அதிகம் கசங்கியிருக்கிறது. ஆத, திரும்பி வந்தான். அஆத, திருப்பிக் கொடுத்தான், செய்ததையே மறுபடி செய்தான். இஃதாத, பழகிப்போனான். இஸ்தஆத, இழந்ததை மீட்டான். ஆதத் என்றால் வழக்கம். வருடாவருடம் திரும்பி வருவதால்தான் பெருநாளுக்கு ஈத் என்று பெயர் என்பார்கள் என்றாய். இஸ்தஆதவில் மட்டும் எப்போதும் தடுக்கிவிடும். "இத்த எவன்டி கண்டுபுடிச்சான்" என்று அரிசியைத் திட்டுவாய்.

பக்கத்தின் அடியில் இயாதத். நோயாளியைப் போய்ப் பார்ப்பது. அதற்கென்று ஒரு தனிச்சொல்லா என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒருமுறை போனால் போதாது, திரும்பத் திரும்பப் போகணும், அதனால் இருக்கும் என்றாய். போனாலும் நெடுநேரம் உட்காரக் கூடாது, படுத்திருப்பவருக்குச் சிரமம், அதுதான் முறை என்றும் சொன்னாய். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு ஆரஞ்சோடு வந்து சாப்பாட்டு நேரம் வரை நகர மாட்டார்கள்.

தேர்வுக்கு முன்னால் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. இரண்டாம் முறை நான் வந்தபோது நீ பாதியாகியிருந்தாய். பத்து நிமிடத்தில் எழுந்தேன். முறை தெரிந்தவள் என்ற பெருமை.

"அதுக்குள்ளயா? குந்துடி. நோட்ட எடுத்து ஒரு தபா கேளு" என்றாய்.

"களைச்சுப் போயிருக்க. வியாழக்கிழமை வந்து கேக்கறேன்."

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். செவ்வாய்க்கிழமையே போய்விட்டாய்.

நாற்பதாம் நாள் உன் அம்மா நோட்டை என்னிடம் கொடுத்தார். அன்று ஏன் சீக்கிரம் எழுந்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பட்த்துகினு கீறவங்களே இருன்னு சொன்னா இருக்கணும்மா. அதுவும் மொறதான்."

அதை நீ எழுதி வைத்திருக்கவில்லை. எழுதித் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

அதிலிருந்து யாரைப் பார்க்கப் போனாலும் நானாக எழுந்திருப்பதில்லை. இது தொல்லை என்று எனக்கே தெரிகிறது. போன மாதம் கோவில்பதாகையில் காய்ச்சலில் படுத்திருந்த அத்தை கேட்டே விட்டாள், "ஏம்மா, உனக்கு வீட்ல வேலை ஒண்ணும் இல்லையா?" என்று. இருக்கிறது என்றேன். தலையணையைச் சரிசெய்வதுபோல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.